அந்த வீட்டில் எத்தனை குடம்?

"அந்த வூட்ல எத்தினி கொடம் இருந்துச்சு சார்?"

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசகர் வட்டத்தில் இந்தக் கேள்வி வந்தது. அன்றைக்கு எடுத்துக்கொண்ட நாவல் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கேட்டவர் இரண்டு தெரு தள்ளி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மா. வயது அறுபதை ஒட்டி இருக்கும். புத்தகம் எடுக்க வந்த இடத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, சில மாதங்களாகக் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியர் அன்று முதன்முறையாக அவர் பக்கம் திரும்பி, "நீங்களும் உங்க கருத்தைச் சொல்லுங்கம்மா" என்றார். மடியில் இருந்த புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு அவர் இதைக் கேட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள், அதில் கேலி இல்லை. பேராசிரியர் "நல்ல கேள்விம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. டீ குடித்துக் கலைந்தோம். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போக மறுக்கிறது. அடுப்படியில் நிற்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, வேறு ஏதோ புத்தகத்தில் முழுகியிருக்கும்போதுகூட நடுவில் வந்து நிற்கிறது. எத்தனை குடம்?

அவருக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். ஒருவர் அசோகமித்திரனின் சிக்கனமான நடையைப் பற்றிச் சொன்னார். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர் என்பதால்தான் சினிமா ஆசையில் ஏமாந்துபோகும் ஒரு பெண்ணை இப்படி மிகையே இல்லாமல் எழுத முடிந்தது என்றார் இன்னொருவர். இந்த நாவலில் தண்ணீர் என்பது மனிதர்களுக்குள் வற்றிப்போன ஈரம் என்றார் ஒரு பள்ளி ஆசிரியை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கும் இளைஞர் ஒருவர், 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் தங்கள் அலுவலகம் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதையும், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில் ஏறித் தண்ணீர் வந்ததையும் நினைவுபடுத்தினார். 1973இல் வந்த நாவல் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது என்றார். நான் டீச்சரம்மாவைப் பற்றிப் பேசினேன். சாகத் துணிந்த நாயகி ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைத் திறந்து காட்டும் இடம்தான் எனக்கு எப்போதும் நாவலின் உச்சம்.

எல்லாம் சரியான கருத்துகள். ஒன்றையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. நாங்கள் எல்லோரும் நாவலைப் படித்து முடித்து, மூடிவைத்து, வெளியே வந்து நின்று பேசினோம். அந்த அம்மா இன்னும் வெளியே வரவில்லை. ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும் குடியிருக்கும் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாவலில் இதற்கு விடை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கலாம். புத்தகம் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருக்கிறேன். தேடி ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் விஷயம் வினாடிவினாவாக முடிந்துபோகும். அவர் கேட்டது ஓர் எண்ணை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் காட்டு ஊர். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக வந்து சேர வேண்டும். என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதை அறிந்து வைத்திருப்பது என் சின்ன வயதில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு தனி வேலை. பித்தளைக் குடம் பரணில் கிடக்கும். எவர்சில்வர் குடம் விசேஷத்துக்கு இறங்கும். அன்றாடப் புழக்கத்துக்கு பிளாஸ்டிக் குடம். அது வந்தபோது கனம் குறைந்ததே என்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடைக்காரர் ஒரே லோடில் இறக்கியதால் தெரு முழுக்க ஒரே பச்சை, ஒரே சிவப்பு. குழாயடியில் எது யார் குடம் என்று தெரியாமல் தினமும் சண்டை. அம்மா எங்கள் குடங்களின் கழுத்தில் நகப்பாலிஷால் மூன்று புள்ளி வைத்தாள். பக்கத்து வீட்டு மதினி பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். எதிர்வீட்டில் கம்பியைச் சுடவைத்து அடியில் ஒரு எழுத்தைப் பொறித்தார்கள். இரவு படுக்கப் போகும்முன் குடங்கள் வரிசையில் போய் நின்றுவிடும். ஓட்டை விழுந்த ஒன்றை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், வரிசையில் இடம் பிடிக்க அது போதும்.

ஒரு வீட்டில் எத்தனை குடம் என்றால், அந்த வீட்டில் சுமக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கு. ஆண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எங்கள் அத்தை கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனபோது வீட்டில் இரண்டு குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். அடுக்களை மூலையில் பல மாதம் அப்படியே கிடந்தன. குழாயடியில் யாராவது "என்ன, குடம் கொறஞ்சுட்டு?" என்று கேட்டால், அத்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், நல்லா இருக்காளாம், தலைப்பொங்கலுக்கு வருவா என்று பதில் சொல்வாள். பிறகு ஒருநாள் விடிகாலையில் அம்மா கவிழ்ந்து கிடந்ததில் ஒன்றை நிமிர்த்தி, கழுவி, ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தினாள். என் பள்ளிக்கூடம் போகும் நேரம் அன்றிலிருந்து மாறியது.

அதனால்தான் சொல்கிறேன். ஜமுனா வீட்டில் எத்தனை குடம் என்று கேட்கிற ஒருவர், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சுமக்கிறார்கள், ஒருத்தி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால் மற்றவள் எத்தனை நடை நடக்க வேண்டும், பம்படியில் நிற்கிற நேரத்தில் வீட்டுக்கு யார் வந்துபோவார்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார். ஜமுனா தன் வாழ்க்கையைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்பதையும் அந்தக் கேள்விக்குள் வைத்துத்தான் கேட்கிறார். 'தண்ணீர்' நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன், பேச்சுகள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் போன ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

இதை எழுதும்போதே மறுபக்கமும் எழுந்து நிற்கிறது. அவர் நாவலைப் பற்றித்தான் கேட்டாரா? இல்லை, தன் வீட்டுக் குடங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாரா? நான் மேலே எழுதியதுகூடக் கோவில்பட்டிக் குடங்களைப் பற்றித்தானே தவிர ஜமுனாவின் குடங்களைப் பற்றி இல்லையே. படிப்பவர் எல்லோரும் அவரவர் வீட்டையே புத்தகத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டால், எழுதியவர் கட்டிய வீடு என்ன ஆகும்? பேராசிரியர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கதையைத் தொடங்கினால் கூட்டம் நாவலுக்குத் திரும்பவே திரும்பாது என்று முப்பது வருஷம் வகுப்பெடுத்தவருக்குத் தெரியாதா?

இங்கே எனக்கு ஆச்சியின் நினைவு வருகிறது.

அப்பாவின் அம்மா. எழுத்துத் தெரியாது. வாரப் பத்திரிகை வந்தால் மத்தியானச் சாப்பாடு முடிந்து, பின்வாசல் திண்ணையில் அம்மா தொடர்கதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆச்சி புளி கொட்டை எடுத்தபடியோ, முருங்கைக்கீரை உருவியபடியோ கேட்பாள். நல்ல கட்டத்தில் நிறுத்துவாள். கதாநாயகி புது வீட்டுக்குக் குடிபோகிறாள், கணவனோடு மனஸ்தாபம், அழுகை வரப்போகிறது, அந்த நேரத்தில் ஆச்சி, "ஏட்டி, அந்த வீட்டுக்கு வாடகை எம்புட்டு?" என்பாள்.

"அதெல்லாம் போடலை அத்தே."

"போடாம எப்படி? வாடகை தெரியாம எப்படிக் குடி போனா?"

அம்மாவுக்கு ஆரம்பத்தில் எரிச்சல் வரும். கதை நிற்கிறதே என்ற ஆத்திரம். போகப்போக அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேட்டவுடன் ஒரு பதிலைச் சொல்லிவிடுவாள். "நாப்பது ரூவா அத்தே." ஆச்சி கொஞ்சம் யோசித்து, "அவன் சம்பளத்துக்கு அது ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கேட்கத் தயாராவாள். அடுத்த வாரம் கதாநாயகி நகையை அடகு வைக்கும்போது ஆச்சிக்கு ஆச்சரியமே இல்லை. வாடகைதான் காரணம் என்று அவளுக்கு முன்பே தெரியும். அந்தக் கதையை எழுதியவர் வாடகையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதை முடிகிற வரை மாதம் பிறந்தால் நாற்பது ரூபாய் கொடுத்துக்கொண்டுதான் அந்தப் பெண் வாழ்ந்தாள். பிற்காலத்தில் அதே கதையைப் புத்தகமாகப் பார்த்துத் தனியாகப் படித்தபோது, வாடகை இல்லாமல் அது எனக்கு என்னவோ பாதிக் கதையாகப் பட்டது.

ஆச்சி அந்தக் கதையைக் கெடுத்தாளா, முழுமையாக்கினாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் ஒருநாளும் "கதை நல்லா இருக்கு" என்றோ "நல்லா இல்லை" என்றோ சொன்னதாக நினைவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்து வீட்டில் நடப்பதைப் பற்றி யாராவது நன்றாக இருக்கிறது என்று அபிப்பிராயம் சொல்வார்களா?

ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூலை ஒரு காலத்தில் படித்தேன். விவரங்கள் பலவும் மங்கிவிட்டன. ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும் பழக்கம் தமிழில் எப்படிப் பின்வாங்கியது, தனித்திருந்து மௌனமாகப் படிப்பது எப்படி நாவலோடு கைகோத்து வந்தது என்ற செய்தி மட்டும் அடியில் தங்கியிருக்கிறது. எங்கள் பின்வாசல் திண்ணை அந்தப் பழைய பழக்கத்தின் கடைசித் துண்டாக இருந்திருக்க வேண்டும். கூடிக் கேட்கும்போது கேள்வி அந்த இடத்திலேயே பிறந்து அந்த இடத்திலேயே பதிலும் வாங்கிக்கொள்ளும். தனியே படிக்கும்போது நடுவில் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது. கேள்விகள் எழும், தங்கும், பக்கம் திரும்பத் திரும்ப அமுங்கிப்போகும். கடைசிப் பக்கம் முடியும்போது கையில் இருப்பது ஒரு கருத்து. மாதம் ஒருமுறை மாடியேறிப் போய் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அதைத்தான். அமுங்கிப்போனவற்றை அல்ல.

அதே நூலாசிரியரின் இன்னொரு புத்தகமும் அன்றைய கூட்டத்தில் இருந்தது. ஒரு நாவல், ஒரு வரலாற்று நூல் என்று எடுப்பது எங்கள் வழக்கம். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அறிமுகம் செய்தார். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள்; மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிர் போனது. அவர் சொல்லி முடித்ததும் கேள்விகள் சரமாரியாக வந்தன. செத்தவர்கள் யார்? என்ன தொழில் பார்த்தார்கள்? பிடிபட்டவர்களின் குடும்பம் என்ன ஆனது? அன்றைக்குக் கடைகள் திறந்திருந்தனவா? அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்கள்.

இதுதான் எனக்குப் புரியவில்லை. யார், எத்தனை பேர், வீட்டில் என்ன இருந்தது என்று வரலாற்று நூலைப் பார்த்துக் கேட்டால் அது அக்கறை. அதையே நாவலைப் பார்த்துக் கேட்டால் வெள்ளந்தித்தனமாக நமக்குப் படுகிறது. ஜமுனா என்று ஒருத்தி இருந்ததில்லை, ஆகவே அவளுக்குக் குடமும் கிடையாது, எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவள் சாக முயலும் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அறையில் இருந்த பலருக்கும் அடைத்திருக்கும். இல்லாதவளுக்காகத் தொண்டை அடைக்கலாமென்றால், இல்லாத குடத்தை எண்ணுவதில் என்ன குறை?

கருத்துச் சொல்வதையே நான் குறைத்துப் பேசுகிறேனோ என்ற பயமும் வருகிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வீடு இல்லை என்று அம்மா சொல்வாள். மழை நாளில் ஒரு காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள் ஒரு தாய். ஏற்றுக்கொண்டது சரியா என்று பெரிய சண்டை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஜெயகாந்தன் மேலே யோசித்தார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். நாவலுக்குள் அந்தச் சிறுகதையை எழுதியவராக ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் ஒரு பாத்திரமாக வருகிறார். நாயகி கங்கா அந்தக் கதையைப் படிக்கிறாள். வாசகர்கள் போட்ட சத்தத்திலிருந்து ஒரு நாவல் பிறந்திருக்கிறது என்றால் கருத்துச் சொல்வதை எப்படி அற்பமாக நினைப்பது?

ஆனால் அந்தக் கருத்துகளின் சுபாவம் வேறு என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையில் நடை எப்படி, உத்தி எப்படி என்று கேட்டவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்? என் மகளாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்பதுதான் எல்லா வீட்டிலும் ஓடிய பேச்சு. ஒரு கதை இன்னும் முடியாதது மாதிரியும், தான் போய் ஏதாவது செய்ய முடியும் என்பது மாதிரியும் பேசினார்கள். கொடூரமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அம்மா அதையும் சொல்வாள். இருந்தாலும் அவர்கள் உள்ளே நின்று பேசியவர்கள்.

உள்ளே நிற்பது எப்போதும் நல்லதுதானா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு வருஷம் கழித்து அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கை மாறின. முழு நாவலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கள் ஊர், எங்கள் வீட்டுப் பெண்கள் என்று ஊரே எழுந்தது. எழுதியவர் 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகுதான் எழுத்துக்குத் திரும்பினார். அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக் கொதித்தவர்களும் நாவலை நடந்ததாகவே எடுத்துக்கொண்டவர்கள்தான். ஆச்சி வாடகை கேட்டதும், இவர்கள் கணக்குக் கேட்டதும் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்குமோ என்று நினைத்தால் மனம் பதறுகிறது. ஆச்சிக்குக் கதை மேலே போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. இவர்களுக்கு அது நிற்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு போதுமா என்று தெரியவில்லை. எனக்கு இப்போதைக்கு இதுதான் அகப்படுகிறது.

எங்கள் நூலக மாடிப்படியில் எஸ். ஆர். ரங்கநாதனின் படம் மாட்டியிருக்கிறது. சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகம் முழுக்க நூலகவியல் படிப்பவர்களுக்குப் பாடம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறார். கிடைத்த பிறகு வாசகர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தை அவர் வாசகரிடமே விட்டுவிட்டார். நாங்கள்தான் அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் கொஞ்சம் ஆவலோடுதான் போனேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நேரில் போய்ப் பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்'. அந்த அம்மா வந்திருந்தார். கொதிக்கும் உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, காலில் என்ன போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினார்கள் என்று ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறை வந்தது. "நடை ரொம்ப யதார்த்தமா இருந்துச்சு சார். உழைக்கிறவங்க வலிய அப்டியே காட்டியிருக்காங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அந்த அம்மாவின் முகத்திலும்தான்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "போன மாசம் குடம் கேட்டீங்களே, என்ன நெனச்சுக் கேட்டீங்கம்மா?" என்றேன்.

"அதுவா மேடம்... படிக்கச் சொல்ல தோணிச்சு, கேட்டுட்டேன். நீங்கள்லாம் எவ்ளோ அழகா பேசுறீங்க. எனக்கும் அப்டி பேச வரணும்ல?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வரக் கூடாது என்று எப்படிச் சொல்வது? நான் கல்லூரியில் படித்தேன்; 'நடை', 'படிமம்', 'உத்தி' என்ற சொற்கள் எனக்கு இருபது வயதுக்குள் கைக்கு வந்துவிட்டன. அவற்றால் எனக்குக் கிடைத்த மரியாதையும் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் அறுபது வயதில், நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருந்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்து, இப்போது அந்தச் சொற்களைக் கையில் எடுக்கிறார். அதில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கிறது. அவர் குடம் எண்ணுகிறவராகவே இருக்க வேண்டும், அதை நான் வியந்துகொண்டிருக்க வேண்டும் என்று விரும்புவது எந்த வகையில் நியாயம்? ஆச்சிக்கும் எழுத்துத் தெரிந்திருந்தால் வாடகை கேட்டிருக்க மாட்டாள் என்றால், அவளுக்கு எழுத்துத் தெரியாமல் போனதை நான் கொண்டாட முடியுமா? முடியாது. ஒரு பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டின் வலி அதற்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டும் ஒருவருக்குள் சேர்ந்து இருக்க முடியும் என்று நம்பவே ஆசைப்படுகிறேன். நடையைப் பற்றியும் பேசலாம், குடத்தையும் எண்ணலாம். ஆனால் அப்படி இருக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொற்கள் கைக்கு வந்தபின் கேட்பது குறைந்துபோகிறது. எனக்குக் குறைந்துவிட்டது என்பது உறுதி. அவருக்கும் குறைந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை.

வரும் மாதம் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. சோ. தர்மனின் 'சூல்' எடுத்திருக்கிறோம். கோவில்பட்டிக்குப் பக்கத்து உருளைக்குடியையும் அதன் கண்மாயையும் பற்றிய நாவல். என் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர். வழக்கம்போலக் "கருத்தைச் சொல்லுங்க" என்று தொடங்கலாம். அல்லது கருத்தை விட்டுவிட்டு, படிக்கும்போது எதையாவது கேட்கத் தோன்றியதா என்று தொடங்கலாம். இரண்டாவதுதான் சரி என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அப்படிச் சொன்ன மறுமாதமே எல்லோரும் வீட்டிலிருந்து நல்ல கேள்விகளாகத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவையும் கருத்துகளாகத்தான் இருக்கும். நாவலின் ஒரு பகுதியைச் சத்தமாகப் படித்து, யாராவது நடுவில் நிறுத்துகிறார்களா என்று பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை. படித்தவர்கள் கூடியிருக்கும் சபையில் யாரும் நிறுத்தமாட்டார்கள், மரியாதையாகக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னும் முடிவு எடுக்கவில்லை. பேராசிரியரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும், அவர் வேறு ஏதாவது வழி வைத்திருப்பார்.